சும்மா நின்ற மணிநேரம்

வாயை மூடிக்கொண்டு இரு என்று சொல்லியிருந்தால்கூட ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். கையை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றார்கள் பாருங்கள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ரேடியோ என்பது கல்லூரியில் கூடப் படித்தவர்கள் வைத்த பெயர். 'அணைக்கப் பொத்தான் இல்லாத ரேடியோ' என்பது முழுப்பெயர். கூப்பிடச் சுலபமாக இருக்கட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். போன இடத்து மொழியையும் அவள் அடித்துப் பிடித்துக் கற்றுத் தேறியிருந்தாள், அதனால் அங்கேயும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடல் தாண்டிப் போய், அவ்வளவு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையின் பக்கவாத வார்டில் அவள் பார்த்த வேலை என்ன தெரியுமா? சுவருக்கு முட்டுக்கொடுப்பது. காலையில் வர வேண்டும், கை கழுவ வேண்டும், மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மஞ்சள் அட்டை என்றால் பார்வையாளர். பார்க்கலாம், கேட்கலாம், பேசலாம், நோயாளியைத் தொடக் கூடாது. நீல அட்டை வாங்கினவர்தான் தொடலாம்.

இரண்டு பல்கலைக்கழகங்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அப்படி. செவிலியர் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் ஒரு பருவத்தை அங்கே போய்ப் படிக்கலாம். பாதிப் பருவம் மஞ்சள். பிறகு அந்த ஊர் மதிப்பீட்டாளர் சோதித்துப் பார்த்துத் திருப்திப்பட்டால் நீலம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரேடியோவின் கல்லூரி, கை வைத்து வேலை செய்த மணிநேரத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். நீலம் கிடைக்காவிட்டால் பருவம் முழுவதும் தண்டம். திரும்பிப் போய் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதையே மறுபடி படிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட நாளில் இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்களே தவிர, இந்த ஓட்டை ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்தப் படம் இன்றைக்கும் கல்லூரி வாசலில் மாட்டியிருக்கிறது. எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்பாள். "இன்னிக்கு என்ன பண்ணே?" ரேடியோ வாய்க்கு வந்ததை அளப்பாள். ஊசி போட்டேன், கட்டுப் போட்டேன், டாக்டரே அசந்துபோனார். கடைக்கு நகல் எடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா அதற்கு இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வாள். உண்மையைச் சொல்ல ரேடியோவுக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. முழு வார்டையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள் அவள்.

அது ஊரில் அவள் படித்துப் பழகிய வார்டு. அங்கே ஒரு செவிலிக்கு ஒரு வார்டு நோயாளிகள். எப்படிச் சமாளிப்பது? ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் இருப்பார். மகன், மருமகள், கொழுந்தன், யாரோ ஒருவர். முதலாமாண்டுப் பெண் முதன்முதலில் கற்றுக்கொள்கிற கேள்வியே "கூட யாரு இருக்கீங்க?" என்பதுதான். அந்தக் கூட இருப்பவரைப் பிடித்து, ஊட்டுவதிலிருந்து திருப்பிப் படுக்க வைப்பது வரைக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டும். ரேடியோ அதில் கெட்டிக்காரி. முரட்டு மாமனார்களைக்கூட ஒரு பொழுதுக்குள் அரைச் செவிலியாக்கிவிடுவாள்.

இந்த ஊர் வார்டில் கட்டில் பக்கத்தில் ஒரு ஈ, காக்கை கிடையாது. பார்வை நேரத்தில் மட்டும் உறவினர்கள் வருவார்கள், நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்திருப்பார்கள், மணி அடித்ததும் எழுந்து போவார்கள். ஒன்பதாம் படுக்கைக்கு வருகிற பூட்டுக்காரரும் அப்படித்தான், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பூட்டு ரிப்பேர் கடைக்காரர். படுக்கையில் இருந்தவர் அவருடைய மனைவி, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் தட்டுத்தடுமாறியது. ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் கேட்கிறவருக்குப் பொறுமை போய்விடும். அதனால் யாரும் அதிகம் கேட்பதில்லை.

பூட்டுக்காரருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. ரேடியோவுக்கும்தான். இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. மனைவி ஓட்டிய நாற்பத்தெட்டாம் நம்பர் பஸ்ஸைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்வார். வீட்டுக் காரில்கூட ஸ்டியரிங்கைத் தன்னைத் தொட விட்டதே இல்லை, கல்யாணம் ஆன நாளிலிருந்து தான் பக்கத்து சீட்டுதான் என்று சிரிப்பார். ஒருநாள் அந்தச் சிரிப்பு வரவில்லை. மனைவியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். கையில் ஒரு படம் போட்ட தாளைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு பொம்மை இன்னொரு பொம்மையைத் திருப்புகிறது.

"எத்தனையோ பூட்டைத் திறந்திருக்கேன்மா. இவளைத் தொடத்தான் பயமா இருக்கு. எங்கேயாவது உடைஞ்சிடுவாளோன்னு."

ரேடியோவின் கை பரபரத்தது. மஞ்சள் அட்டையைப் பார்த்தாள். தொடக் கூடாது, சரி. பேசக் கூடாது என்று யார் சொன்னது?

"நான் தொட மாட்டேன் ஐயா. நான் சொல்றேன், நீங்க செய்யுங்க. முதல்ல கட்டில் சக்கரத்தைப் பூட்டுங்க."

பூட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகத்தில் தெம்பு வந்துவிட்டது. குனிந்து நாலு சக்கரத்தின் பிரேக்கையும் அழுத்தி, ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு தினமும் பார்வை நேரத்தில் வகுப்பு நடந்தது. ரேடியோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றபடியே சொல்வாள். முழங்காலை மடக்குங்கள், விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், உங்கள் முதுகை வளைக்காதீர்கள், முழங்காலை வளையுங்கள். பூட்டுக்காரருக்குச் சொன்னது சொன்னபடி கையில் வந்தது. கூடத் தங்கியிருந்த அவளுடைய கல்லூரித் தோழி, அடி வைத்தால் சத்தம் கேட்காது என்பதால் பூனை என்று பெயர் வாங்கினவள், இதெல்லாம் வம்பில் போய் முடியும் என்று எச்சரித்தாள். ரேடியோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல நாள் கழித்து அவள் செவிலியாக இருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் மிச்சமெல்லாம் மறந்துபோயிற்று.

வம்பு இன்ஸ்பெக்டர் உருவத்தில் வந்தது. மதிப்பீட்டாளர் அம்மாளுக்கு மாணவிகள் வைத்த பெயர் அது. உயரம், அதற்கேற்ற அகலம், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. அவர் வார்டுக்குள் நுழைந்தபோது, பஸ் டிரைவர் அம்மா கட்டில் விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பூட்டுக்காரர் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தார். ரேடியோ சுவரோரம் நின்று, "அருமை ஐயா, அப்படித்தான்" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. அழைப்பு மணியை அழுத்தினார். இரண்டு செவிலியர் ஓடி வந்து அந்த அம்மாவைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நல்லவேளை, சரியாக இருந்தது. பூட்டுக்காரர் தொப்பியைத் தேடினார். அவருக்கும் சரி, ரேடியோவுக்கும் சரி, அதுவரை தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த மருத்துவமனையில் உறவினர் நோயாளியை அசைப்பது என்பது சாதாரணக் காரியமில்லை. விபத்து நடந்ததற்குச் சமம். ரேடியோவின் ஊரில் அது விடிந்தால் பொழுதுபோனால் நடக்கிற வேலை. அசைக்காத உறவினரைத்தான் அங்கே திட்டுவார்கள்.

வார்டு சிஸ்டரின் அறையில் விசாரணை நடந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்வி முடிவதற்குள் ரேடியோ நான்தான் என்றாள். ஆனால் தான் தொடவே இல்லை, வேண்டுமானால் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"கை உன்னோடது இல்லன்னா பொறுப்பும் உன்னோடது இல்லையா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். "அவங்களை உட்கார வைக்கலாம்னு பிசியோ சொன்னாரா? உட்கார்ந்ததும் பிரஷர் இறங்கி மயங்கி விழுந்திருந்தா?"

சுருக்கென்று தைத்தது. பிசியோதெரபிஸ்டிடம் அவள் கேட்கவில்லை. திருப்பிப் படுக்க வைப்பதோடு நின்றிருக்க வேண்டும். பூட்டுக்காரர் நன்றாகச் செய்கிறார் என்ற குஷியில் அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டாள். அது தப்பு, பெரிய தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்திருப்பார்கள்.

"கேக்காம உட்கார வெச்சது தப்பு மேடம். நூறு தடவை தப்பு. ஆனா சொல்லிக் குடுத்தது தப்பில்ல. இவங்க வீட்டுக்குப் போனப்புறம் மணி அடிச்சா ரெண்டு பேர் ஓடி வருவாங்களா? அந்த ஐயாதான் இருப்பாரு. அவரு கையில ஒரு தாளைக் குடுத்து அனுப்புறீங்க."

இன்ஸ்பெக்டர் ரேடியோவைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு சொன்னார், சோதனையை நாளைக்கே வைத்துக்கொள்ளலாம். பயிற்சி அறைக்கு அந்தக் கணவரையும் கூட்டிக்கொண்டு வா. நீலமா, பருவம் முடியும் வரை சுவரா, அங்கே முடிவாகும்.

பூனை அன்றைக்குச் சாயங்காலமே பெட்டி கட்டலாமா என்று விசாரித்தாள். பருவம் முழுக்கச் சுவரோரம் நிற்பதற்குப் பதில் ஊருக்கே போய்விடலாமே என்பது அவள் கட்சி. ரேடியோ அதெல்லாம் வேண்டாம் என்றாள். எனக்கு இது தெரியும், என் வேலை எனக்குத் தெரியும் என்றாள். வீம்புக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினாள்.

மறுநாள் பயிற்சி அறையில் பிளாஸ்டிக் பொம்மை நோயாளி கட்டிலில் தயாராகப் படுத்திருந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கி ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்தார். செருப்பைக் கழற்றினார். கட்டிலில் ஏறித் தானே படுத்துக்கொண்டார்.

"எனக்கு இடது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சு சரியா வராது. இவர் என் வீட்டுக்காரர். ஆரம்பி."

பூட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் மனைவியைப் போல இரண்டு மடங்கு இருக்கும் அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரேடியோவிடம் கண்ணாலேயே கெஞ்சினார். ரேடியோ சிரித்தாள். முதலில் சக்கரம், ஐயா. அவ்வளவுதான், மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. முழங்கால், தோள், இடுப்பு. ரேடியோ சொல்லச் சொல்ல அவர் செய்தார். முதலில் பேசியபடியே செய்யவைத்து, அடுத்து அவரையே சொல்லவைத்து, மூன்றாவதாக அவள் வாயைத் திறக்காமலே செய்யவைத்தாள். அவ்வளவு பெரிய இன்ஸ்பெக்டர், தலையணை உறை மாட்டுகிற லாகவத்தில் வலது பக்கம் திரும்பினார். விளிம்பில் உட்கார்ந்தார். மறுபடி படுத்தார். நாற்காலியில் இருந்த பொம்மையைத் தவிர அந்த அறையில் எல்லாருக்கும் வியர்த்திருந்தது. ரேடியோவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நீல அட்டை கழுத்தில் தொங்குவது போலவே இருந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லா சொல்லிக் குடுத்தே. அவரும் நல்லா செஞ்சாரு. நான் பயந்துதான் போனேன், ஆனா விழல." தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினார். "என் முகத்தை ஒரு தடவையாவது பார்த்தியா?"

ரேடியோ அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"திருப்பப் போறோம்னு எங்கிட்ட யாரும் சொல்லல. எந்தப் பக்கம்னு யாரும் கேக்கல. நீ அவர்கிட்டப் பேசினே, அவர் உங்கிட்டப் பேசினாரு. நடுவுல நான் ஒரு மூட்டை."

அணைக்கப் பொத்தான் இல்லாத ரேடியோ அணைந்துபோயிற்று. அவளுக்கு இன்ஸ்பெக்டர் மேல் கோபம் வரவில்லை. ஊர் வார்டுதான் கண்முன் வந்தது. கூட யாரு இருக்கீங்க, கூட யாரு இருக்கீங்க என்று கட்டில் கட்டிலாக ஓடியிருக்கிறாள். சாப்பிட்டாரா, தூங்கினாரா, வலிக்கிறதாமா, எல்லாவற்றையும் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்டிருக்கிறாள். படுத்திருந்தவர்களின் கண்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இங்கே வந்தும் ஒன்பதாம் படுக்கை அம்மாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பூட்டுக்காரர் சொன்னது. அந்த அம்மாவிடம் அவள் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. நினைக்க நினைக்கக் கூசியது.

ஆனால் ரேடியோ அழுதுகொண்டு நிற்கிற ஜாதி இல்லை. "இன்னொரு தடவை செய்யறேன் மேடம்" என்றாள்.

"எங்கிட்ட வேண்டாம். என் முதுகு போதும் போதும்னுது." இன்ஸ்பெக்டர் எழுந்து செருப்பை மாட்டினார். "அவங்ககிட்டப் போய்ச் செய். உட்கார வைக்கலாம்னு பிசியோ காலையில பார்த்துச் சொல்லிட்டாரு." சட்டைப் பையிலிருந்து நீல அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அது இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான், முடிந்ததும் உன்னிடம் இருக்குமா, என் பைக்குத் திரும்புமா என்பது இன்னும் தெரியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒன்பதாம் படுக்கைக்குப் போனார்கள். ரேடியோ கை கழுவினாள். பூட்டுக்காரர் பழக்கத்தில் கட்டிலை நோக்கி நகர்ந்தார். அவரைக் கையமர்த்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு, அந்த அம்மாவின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"அம்மா, இத்தனை நாளா உங்களைக் கேக்காமலே உங்களைத் திருப்பிட்டோம். என்னை மன்னிச்சுக்குங்க. இப்ப நீங்க உட்காரணும். எப்படி உட்காரணும்னு நீங்க சொல்லுங்க."

பிறகு காத்திருந்தாள். ரேடியோ வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை அதுதான். அந்த அம்மாவின் வாய் கோணி, திறந்து, மூடியது. பூட்டுக்காரர் மனைவிக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார், ரேடியோ அவர் பக்கம் திரும்பவில்லை. தனக்கே நாக்கு நுனி வரை வந்த வார்த்தைகளையும் விழுங்கினாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். மருந்து வண்டி ஒன்று வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு உருண்டு போயிற்று.

"பி...ரேக்கு" என்றார் பஸ் டிரைவர் அம்மா.

பூட்டுக்காரர் பாய்ந்து குனிந்து நாலு சக்கரத்தையும் ஆட்டிக் காட்டினார். போட்டாச்சு, எல்லாம் போட்டாச்சு என்றார்.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். அடுத்த வார்த்தைக்கும் நேரம் ஆனது.

"நா...னே."

ரேடியோவின் இரண்டு கையும் தானாக முன்னால் போயின. பல வாரமாக ஏங்கிக் கிடந்த கைகள், இப்போது தொடலாம் என்று அட்டையும் இருக்கிறது. அந்தக் கைகளை அவள் இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். எழுந்து, அவர் விழுந்தால் தாங்குகிற தூரத்தில், அவர் முழங்காலுக்கு நேராக வந்து நின்றாள். அவ்வளவுதான் செய்தாள்.

அந்த அம்மா நல்ல காலை விழுந்த காலுக்கு அடியில் கொடுத்துக் கொக்கி போட்டு, இரண்டையும் விளிம்புக்குத் தள்ளினார். வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்தார். கைவிரல்கள் ஒவ்வொன்றாக இறுகின. முழங்கையை ஊன்றினார், சறுக்கியது. மறுபடி ஊன்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது ரேடியோவுக்கு அழுகையே வந்துவிட்டது, இருந்தும் பின்னால் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. இன்ஸ்பெக்டரும் அசையவில்லை. பிறகு ஒரு தள்ளு. பஸ் டிரைவர் அம்மா கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தார், ஆனால் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தெட்டாம் நம்பர் பஸ்ஸின் சீட்டில் உட்கார்ந்த மாதிரி, வலது கையால் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

கண்ணால் பக்கத்து இடத்தைக் காட்டினார். பூட்டுக்காரர் போய் அங்கே உட்கார்ந்தார். அவருடைய பழைய இடம், பக்கத்து சீட்டு. தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரத்த அழுத்தம் பார்த்து, சரியாக இருக்கிறதென்று சொல்லிவிட்டு, ரேடியோ இன்ஸ்பெக்டரோடு நடைபாதைக்கு வந்தாள். இன்ஸ்பெக்டர் வார்டு சிஸ்டரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிற நோயாளிகளின் வீட்டு ஆளை முன்கூட்டியே பயிற்சி அறைக்கு அழைக்க வேண்டும், தாள் மட்டும் போதாது என்பது காதில் விழுந்தது. ரேடியோவுக்கு அதைக் கேட்டு மகிழக்கூட மனமில்லை, வேறு கவலை இருந்தது. கழுத்தில் இருந்த நீல அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மேடம், நான் அவங்களைத் தொடவே இல்ல. கை வெச்சு செஞ்ச நேரம்தான் எங்க காலேஜ்ல கணக்கு. இது கணக்குல வருமா?"

இன்ஸ்பெக்டர் அந்த அட்டையை வாங்கினார். கண்ணாடிக்கு மேலாக அல்ல, கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார். அட்டையைத் திரும்ப அவள் கழுத்திலேயே மாட்டினார்.

"முழு மணிநேரமும் வரும். உங்க காலேஜ்ல யாராவது கேட்டா என்னைப் பேசச் சொல்லு."

சாயங்காலம் வழக்கம்போல் போன் வந்தது. பின்னால் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இன்னிக்கு என்ன பண்ணே?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் பண்ணலம்மா. ஒருத்தங்க பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு சும்மா நின்னேன்."

ஜெராக்ஸ் மிஷின் நின்றது.

"அதுக்கா இவ்வளவு சந்தோஷமா பேசறே?"

"ஆமாம்மா" என்றாள் ரேடியோ. கடைக்கு வருகிறவர்களிடமும் இதையே சொல்லச் சொன்னாள், மெருகேற்றாமல்.